பாவாயி வீட்டுக் கடல்

வெகு காலத்துக்கு முன்னால் என்று தொடங்க முடியாது, ஒரே செல்போனில் இரண்டு சிம் போட ஆரம்பித்த காலத்தில்தான் இது நடந்தது. சங்ககிரியில் பழைய பைபாஸை ஒட்டி, லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால், கந்தப்பன் லைன் என்று ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நின்ற ஓட்டு வீடுகளில், கடைசிக்கு முந்தின வீட்டில் சுகந்தியும், லாரி ஓட்டும் அவள் புருஷன் அர்த்தநாரியும், இரண்டு வயது தன்ஷிகாவும் குடியிருந்தார்கள். குடியிருந்தார்கள் என்றால் சுகந்தியும் பிள்ளையும் குடியிருந்தார்கள், அர்த்தநாரி வந்து வந்து போனான்.

பிள்ளைக்கு முதல் பல் முளைத்தபோது அவன் இந்தூரில் இருந்தான். அவள் சுவரை விட்டுவிட்டு முதல் எட்டு வைத்தபோது ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தான். முதல் முதலாக அவள் "அப்பா" என்று சொன்னதும் அவனைப் பார்த்து இல்லை, பைபாஸில் ஆரன் அடித்துக்கொண்டு போன யாரோ ஒருவனின் சிமெண்டு லாரியைப் பார்த்து. சுகந்தி அதைச் சிரித்துச் சிரித்துப் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி அவன் இன்ஜினை அணைக்கிற சத்தம் கேட்டது.

"எல்லாத்தையும் போன்லயே கேட்டாச்சு கண்ணு," என்றான் அப்புறம். "ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு மிச்சம் வெய்யி. பாப்பு கடலப் பாக்கறப்ப நாந்தேன் அவளத் தூக்கியிருக்கோணும். அதுவரைக்கும் டிவியிலகூடக் காட்டிப்போடாத."

அன்றிலிருந்து டிவியில் யாராவது மணலில் ஓடி வந்து பாட ஆரம்பித்தால் சுகந்தி ஓடிப்போய் அணைத்துவிடுவாள். அவளே கடலைப் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிப்போனார்கள். வழியில் பஸ் இரண்டு தடவை படுத்துக்கொண்டு, போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஒரு பிள்ளையும் இறங்கக்கூடாது என்று எட்மாஸ்டர் படிக்கட்டில் குறுக்கே நின்றுகொண்டார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மடியில் புளிசாதப் பொட்டலத்தோடு, இருட்டுக்குள்ளே யாரோ பெரிய ஜமுக்காளத்தை உதறி உதறிப் போடுவது மாதிரி வந்த சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினாள். இன்றைக்கும் புளிசாதம் கிளறினால் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

அப்படித்தான் அந்த டூர் திட்டம் பிறந்தது. அர்த்தநாரி தாபாவில் வண்டியைப் போட்டுவிட்டுக் கூப்பிடுவான், சுகந்தி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பாள், இரண்டு பேரும் பேசிப் பேசியே மெட்ராஸ் வரைக்கும் போய்விட்டு வருவார்கள். சனிக்கிழமை விடிகாலை கடலில் சூரியன் கிளம்புகிறதைப் பார்ப்பது, பகலெல்லாம் மணலில் கிடப்பது, ஞாயிற்றுக்கிழமை கடற்கரை ரோட்டில் இருக்கிற தீம் பார்க்குக்குப் போவது. அந்தப் பார்க்கின் வாசலில் ஒரு கோமாளி பொம்மை கையை நீட்டிக்கொண்டு நிற்குமாம், அந்தக் கைக்குக் கீழே குனியாமல் போகிற பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்ற மாட்டார்களாம். சுகந்தி பிள்ளையைக் கதவு நிலையில் சாய்த்து அளந்து பார்த்தாள். எத்தனை எக்கி நின்றாலும் கோமாளியின் இடுப்புக்குத்தான் வருவாள் போலிருந்தது.

லைன் வீட்டுக்காரர் கந்தப்பன், தண்ணீர் மோட்டார் போட வந்தவர், இதைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா சுகந்தி, ரெண்டு வயசுப் பிள்ளைக்குக் கடலுந் தெரியாது குட்டையுந் தெரியாது. நாளைக்கு என்ன நாபகம் இருக்கப்போவுது? அது பள்ளிக்கூடம் போறப்பக் கூட்டிட்டுப் போங்க."

"அவளுக்கு நாபகம் இல்லாட்டிப் போவுதுங்க, எங்களுக்கு இருக்குமுல்லங்க," என்றாள் சுகந்தி. ஆனாலும் அந்தப் பேச்சு நெஞ்சில் ஒரு முள்ளாக நின்றுவிட்டது.

கிளம்ப வேண்டியது வெள்ளிக்கிழமை ராத்திரி, பாதி வழி போவதற்குள் சனிக்கிழமை பிறந்துவிடும், சனிக்கிழமை கிழக்கே சூலம். அன்றைக்குக் கிழக்குப் பார்த்துப் பயணம் போகக் கூடாது. அதற்குத்தான் பரஸ்தானம் என்று ஒன்று இருக்கிறதே. முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, பயணம் போகிறவர்களின் துணிமணியை ஒரு பையில் போட்டு, போகிற திசையில் இருக்கிற அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு நடந்தாலும் சூலம் ஒன்றும் செய்யாது. சுகந்தி வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, ஜிப் வைத்த நீலப் பையில் தன் புடவை ஒன்று, பிள்ளையின் மஞ்சள் கவுன் ஒன்று, அர்த்தநாரியின் சட்டை ஒன்று என்று வைத்தாள். அவனுடைய துவைத்த சட்டையெல்லாம் அவனோடு லாரியில் போயிருந்தது. ஆணியில் தொங்கிய பழைய காக்கிச் சட்டைதான் இருந்தது, டீசல் வாசத்தோடு. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் பிள்ளை தூங்கும், அதனால் துவைக்கவே இல்லை. ராத்திரிக்குள் கைக்கு வந்துவிடுமே என்று அதையே மடித்து வைத்தாள்.

கிழக்கே கடைசி வீடு பாவாயியுடையது. ஐம்பது வயதில் ஒண்டிக்கட்டை, இட்லி மாவு அரைத்து விற்கிறவள். கிரைண்டர் போட்டிருந்த பின்கட்டு அறையில், கிழக்குச் சுவரோரம் பையை வாங்கி வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க சாமி, எனக்கு ஒரு சங்கு மட்டும் வாங்கியா," என்றாள்.

சாயங்காலம் அர்த்தநாரி கூப்பிட்டான். நாசிக்கில் ஏற்றிய வெங்காயத்தை இறக்கின இடத்திலிருந்து ஊருக்கு ரிட்டன் லோடு இல்லை, முதலாளி கட்டாக்குக்கு ஒரு லோடு பிடித்துவிட்டார், வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு வர முடியுமா? சுகந்தி ஒரு மூச்சு அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு பையைத் திரும்ப வாங்கப் போனாள். பாவாயி கதவில் குறுக்கே நின்றாள்.

"அம்முணி, பயணம் வெச்ச பைய ஊட்டுக்குத் திருப்பி எடுக்கப்படாது. அது கெளம்பிருச்சு. அவரு வந்தொடன நேரா எடுத்துட்டுப் போ. அதுவரைக்கும் இங்கியே கெடக்கட்டும்."

"அவர் சட்டை அதுல இருக்குதுக்கா, பாப்பு தூங்க மாட்டா."

"மாத்துச் சட்டை இல்லாட்டிப் பழைய லுங்கியக் குடு."

பை அங்கேயே கிடந்தது. ஒரு வாரம் போல ஆகியிருக்கும். பாவாயி காலையில் மாவு வழிக்கப் போனபோது கிரைண்டரைச் சுற்றி மணல் கிடந்தது. கூட்டித் தள்ளினாள். மறுநாளும் கிடந்தது. மாவு வாங்கிப் போனவர்கள், இன்றைக்கு உப்பு சரியாகப் போட்டிருக்கிறாய் பாவாயி என்றார்கள். அவள் உப்பே போட்டிருக்கவில்லை. அதற்கடுத்த நாள் விடிகாலையில் பின்கட்டுக் கதவைத் திறந்தபோது கிழக்குச் சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை, ஈரமும் வெளிச்சமுமாகக் கடல் இருந்தது. தூரத்தில், அர்த்தநாரியும் சுகந்தியும் போனில் பேசி வைத்தபடியே, சூரியன் சிவப்பாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. நீலப் பை மணலில், அலை தொடாத இடத்தில், ஜிப்பைக் கொஞ்சம் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. கடலிலிருந்து உப்பு வாசமும் அதற்கடியில் டீசல் வாசமும் வந்தது.

பாவாயி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து சுகந்தி வீட்டுக் கதவைத் தட்டினாள். "உன்ற டூரு ஆரம்பிச்சிருச்சு," என்றாள். "ஆள் வரலீன்னு அது காத்துக்கிட்டு நிக்குமா என்ன."

லைனில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. குழாயடியில் ஒரு நாள் பேசினார்கள், மறுநாள் துவைத்த துணி விறைப்பாகக் காய்கிறது என்று குறை சொன்னார்கள், அதற்கும் மறுநாள் காலை வெயிலுக்கு முன்னால் வேலையை முடித்துக்கொண்டு பாவாயி வீட்டில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். ராமேஸ்வரம் போக வசதியில்லாமல் அப்பனுக்குத் திதி கொடுக்காமல் இருந்தவர்கள் அமாவாசைக்கு எள்ளும் தண்ணீருமாக வரிசையில் நின்றார்கள். சுண்டல் விற்கிறவன் ஒருவன் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து மாங்காய் கீறிப் போட்டான். டைலர் மாரப்பன் தன் மிஷினைத் தூக்கிவந்து பாவாயியின் அடுப்படியில் போட்டுக்கொண்டு, முழங்கால் பேண்டு தைத்துத் தள்ளினார். கந்தப்பன் முதலில் தாம்தூம் என்று குதித்தார். "வாடகைக்கு ஊடு குடுத்தனா, கடலு குடுத்தனா? செவுரெல்லாம் உப்புப் பூக்குது, நான் கேஸ் போடுவேன்" என்றார். பாவாயி, "கேஸ் அப்பறம் போடுங்க, மொதல்ல கால நனைங்க," என்றாள். கால் நனைத்தவர் அடுத்த அலைக்கும் நின்றார். அடுத்த நாளிலிருந்து மடக்கு நாற்காலி ஒன்றை இடுக்கிக்கொண்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

அந்த லைனிலேயே கடலைப் பார்க்காமல் இருந்தது சுகந்தியும் பிள்ளையும்தான். பிள்ளைக்கு எப்போதும் பாவாயி வீட்டுப் பக்கம்தான் ஓட்டம், அங்கிருந்துதானே சட்டையின் வாசம் வந்தது. சுகந்தி ஓடிப்போய்த் தூக்கி, தலையில் துண்டைப் போட்டு மூடி, எதிர்ப் பக்கம் நடப்பாள். மற்ற பெண்கள் கேலி செய்தார்கள்.

"ஏண்டி, பிள்ளைக்குத்தான் காட்டல. நீயாவது ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

"நாம் பாத்தன்னா என்ற மூஞ்சியிலயே அவ பாத்துப்போடுவா," என்றாள் சுகந்தி. சாயங்காலங்களில் சுவரில் காதை வைத்துக் கேட்பாள். ஜமுக்காளத்தை உதறுகிற அதே சத்தம். மடியில் புளிசாதப் பொட்டலம் இருப்பது போலவே சூடு ஏறும்.

ஒரு நாள் மாரப்பன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார், "உள்ள வெயில் உச்சிக்கு வந்திருச்சே, பாத்தீங்களா?" அப்போதுதான் பார்த்தார்கள். வெளியே எத்தனையோ பகலும் ராத்திரியும் போய்க்கொண்டிருக்க, பாவாயி வீட்டுக் கடலில் அதே சனிக்கிழமைதான் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் சில நாளில் மதியம் தாண்டியது. நிழல்கள் கடலைப் பார்த்து நீள ஆரம்பித்தன. பாவாயிக்கு முதலில் புரிந்தது.

"சுகந்தி, உன்ற பயணம் தன்னால நடந்து முடியுது. பொழுது எறங்கிருச்சுன்னா கடல் முடிஞ்சுது. அப்பறம் ஞாயித்துக்கெழம, பொறவு ஊருக்குத் திரும்பறது. முடிஞ்ச பயணத்த மறுக்கா போக முடியாது சாமி. உன்ற புருசன எங்கிருந்தாலும் வரச் சொல்லு."

போனைப் போட்டால் நல்ல வேளையாக அர்த்தநாரி ஊரைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தான். ஆனால் தொப்பூர் கணவாயில் ஒரு கண்டெய்னர் குறுக்கே கவிழ்ந்து, முன்னாலும் பின்னாலும் வண்டிகள் நெருக்கி, காலையிலிருந்து ஓரடி நகரவில்லை. பாவாயி வீட்டுக் கடல் முடியப்போவதைச் சுகந்தி சொன்னாள். "எப்ப வழி விடுவாங்கன்னு தெரியல கண்ணு. நீ காட்டிப்போடு. எனக்காகப் பிள்ளைக்கு இல்லாமப் பண்ணாத," என்றான்.

சுகந்தி போனை வைத்தாள். பாவாயி வீட்டுக்குள்ளிருந்து வந்த வெளிச்சம் பழுத்த மாம்பழ நிறத்துக்கு வந்திருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துத் துண்டால் போர்த்தினாள், தன் கண்ணை மூடிக்கொண்டு பின்கட்டுக்குள் போனாள். பாவாயி கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பையின் காதைக் கையில் வைத்தாள்.

"நேரா எடுத்துட்டுப் போ. எங்கியும் திரும்பிப் பாக்காத."

அவள் பையைத் தூக்கியதும் பின்னால் ஒரு நீண்ட உறிஞ்சல் சத்தம் கேட்டது. கால் நனைத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் வெறும் சிமெண்டுத் தரையில் நின்றார்கள். கந்தப்பன் மடக்கு நாற்காலியோடு கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சேலம் போய் தர்மபுரி பஸ்ஸில் ஏறினாள். பையிலிருந்து தண்ணீர் சொட்டி நடைபாதையில் ஓடியது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏம்மா, மீன் கூடையா? மீனெல்லாம் ஏத்தக்கூடாது."

"மீன் இல்லீங்க அண்ணா. கடலுங்க."

"அப்ப சரி. சீட்டுக்கு அடியில தள்ளி வெய்யி, நடக்கறவங்களுக்குத் தட்டப்போவுது."

கணவாய்க்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. சுகந்தி இறங்கி நடந்தாள். மலைக்கு நடுவே லாரிகள், லாரிகள், லாரிகள். பஞ்சாப் வண்டி, ஆந்திரா வண்டி, நாமக்கல் வண்டி. சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லோரும், பிள்ளையைத் துண்டால் மூடிக்கொண்டு சொட்டச் சொட்டப் பையோடு வருகிற பெண்ணுக்கு வழி விட்டார்கள். பையைத் தூக்கிய தோள் இறங்கிப்போனது. இடுப்பில் பிள்ளை அழ ஆரம்பித்தது. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது, ஆனால் பையின் ஜிப் இடுக்கில் தெரிந்த வெளிச்சம் செம்மண் நிறத்துக்குப் போய்விட்டது.

அவர்கள் வண்டியின் பச்சைக் கேபின் தெரிந்தது. அர்த்தநாரி படியில் உட்கார்ந்திருந்தான், தாடி வளர்ந்து, கண் உள்ளே போய். இவளைப் பார்த்ததும் எழுந்து, என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தான்.

"பேசறதுக்கு நேரமில்லீங் மாமா. பிள்ளையப் புடிங்க," என்றாள் சுகந்தி. முன் டயருக்குப் பக்கத்தில் பையை வைத்து ஜிப்பை முழுதாகத் திறந்தாள்.

கணவாய் முழுக்கக் கடல் விரிந்தது. இரண்டு மலைக்கும் நடுவே, நின்றிருந்த அத்தனை வண்டிகளின் அச்சு வரைக்கும் வந்து, நுரைத்து, திரும்பிப் போனது. பஞ்சாப் டிரைவர்கள் ஸ்டவ்வைத் தூக்கி டாப்பில் வைத்துவிட்டுப் பைஜாமாவைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். யாரோ ஆரன் அடித்தார்கள், அடுத்தவன் அடித்தான், கணவாய் பூராவும் ஆரன் சத்தம்.

அர்த்தநாரி துண்டை விலக்கினான். பிள்ளை அழுகையை நிறுத்தியது. முதலில் கடலைப் பார்க்கவில்லை, அவன் தாடியைப் பார்த்தது, தொட்டுப் பார்த்தது. "அங்க பாரு சாமி, அங்க, அப்பனயே பாக்காத, கடலப் பாரு," என்று அவன் திருப்பினான். பிள்ளை திரும்பியது. வாய் திறந்தபடியே நின்றது. ஒரு அலை வந்து போனது. இன்னொன்று வந்தது. பிள்ளை மூக்கைச் சுருக்கி மோந்தது, அவன் கழுத்தில் முகத்தை வைத்து மோந்தது, மறுபடி கடலை மோந்தது. கையை நீட்டிக் கடலைக் காட்டி, "அப்பா," என்றது.

அர்த்தநாரி சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் பிள்ளையின் மஞ்சள் ரிப்பன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது.

சுகந்தி அந்த இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நினைவு வந்து அவள் திரும்பியபோது பொழுது இறங்கிவிட்டது. கருப்பாக, ஒன்றும் தெரியாமல், ஜமுக்காளத்தை உதறுகிற சத்தம் மட்டும் கேட்டது. அடக் கடவுளே, இந்தத் தடவையும் போச்சா என்று நினைத்தாள். நினைத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை குறுக்கே எட்மாஸ்டர் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இருட்டுக்குள்ளேயே இறங்கி முழங்கால் வரைக்கும் நின்றாள்.

வழி விட்டதும் கடலைப் பையில் அடைத்துக்கொண்டு மூன்று பேரும் லாரியிலேயே ஊர் வந்தார்கள். விடிந்து பார்த்தால் லைனுக்குப் பின்னால் இருந்த பொட்டல் காட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றது, ராட்டினமும் பாட்டும் வாசலில் கை நீட்டிய கோமாளியுமாக. கோமாளி தன்ஷிகாவை விடவில்லை, எத்தனை கெஞ்சியும் கையைத் தாழ்த்தவில்லை. லைன் பூராவும் மேலே போய்ச் சுற்றியது, பாவாயி உச்சியில் நின்றுகொண்டு, "ஐயோ, என்ற ஓடெல்லாம் ஒடஞ்சு கெடக்குதே, கந்தப்பண்ணா, மேல வந்து பாருங்க!" என்று கத்தினாள். ஏறாமல் கீழே உட்கார்ந்திருந்தது இந்த மூன்று பேரும்தான். பிள்ளை அப்பன் மடியில் படுத்துக்கொண்டு கைதட்டியது. மாலையில் எல்லாம் போய், நீலப் பை காலியாகக் கிடந்தது. அடியில் ஒரே ஒரு சங்கு இருந்தது. அதைப் பாவாயி வாங்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது தன்ஷிகா எட்டாம் வகுப்பு. கோமாளியின் கையையெல்லாம் தாண்டி, அம்மாவின் தோளுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் ஏற மாட்டாள், கையைக்கூடக் கூட்டத்தில் பிடிக்க விட மாட்டாள். அந்தக் கதையைச் சொன்னால், "சும்மா கதை விடாதம்மா," என்பாள். கந்தப்பன் சொன்னது சரியாகப் போயிற்று, அவளுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை என்று சுகந்தி தன்னைத்தானே தேற்றிக்கொண்டு வருஷங்கள் ஆயின.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிப்போனார்கள். பஸ் பழுதாகவில்லை, நல்ல பகலில் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வந்தவள் ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினாள், முகம் சரியில்லை.

"என்ன கண்ணு, கடல் எப்படி இருந்துச்சு?"

"என்னமோம்மா. பொண்ணுகெல்லாம் கத்துனாங்க. டீச்சர்கூடக் கத்துனாங்க. எனக்கு மட்டும் அது கடல் மாதிரியே இல்ல."

"ஏன்?"

"கிட்டப் போயி மோந்து பாத்தேன். டீசல் வாசமே வரலியேம்மா."

சுகந்தி கிளறிக்கொண்டிருந்த புளிசாதத்தை இறக்கி வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து நம்பரைப் போட்டு, மகளிடம் நீட்டினாள்.

"இத உங்கப்பாகிட்டச் சொல்லு," என்றாள். "அதுக்கு முன்னாடி வண்டிய ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லு."